மழை பெய்யும் இடத்தில் மட்டும் மழை

நீங்கள் கேட்டது இது. கல்லூரி நாட்களில் சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி' பார்த்து அழுதிருக்கிறீர்கள். இப்போது அதன் மீட்டெடுத்த ப்ளூ-ரே கிடைக்கிறது, விலை கொஞ்சம் அதிகம். ஏற்கெனவே பார்த்த படத்தை மறுபடி வாங்கத்தான் வேண்டுமா? இவ்வளவு சுத்தம் செய்துவிட்டால் பழைய உணர்வு போய்விடாதா?

வாங்குங்கள். உணர்வு எங்கேயும் போகாது. ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வடபழனி, சாலிகிராமம் பக்கத்து லேப்களில் முப்பது வருஷத்துக்கு மேல் நெகட்டிவ் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பிரிண்ட் பழசாகிக் கோடு விழ ஆரம்பித்தால் "மழை பிடிச்சிடுச்சு" என்போம். புரொஜெக்டரில் ஒட்டிய ஒரு தூசி போதும், ஓடுகிற பிலிமை நெடுக உரசிக்கொண்டே போகும். அது திரையில் மேலிருந்து கீழே ஊசி ஊசியாக இறங்கும். டென்ட் கொட்டகைக்கு மூன்றாவது ரவுண்டு வருகிற படம் எல்லாம் நனைந்துதான் வரும்.

'பதேர் பாஞ்சாலி'யை நான் முதலில் பார்த்தது எண்பதுகளில், நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில். 16 எம்எம் பிரிண்ட், இரும்பு நாற்காலி, சுவரில் கட்டிய துணி. படம் முழுக்க மழை. அந்த ஏழைக் குடும்பத்துச் சிறுமி துர்கா தலைமுடியை விரித்துக்கொண்டு மழையில் சுற்றுவாளே, அந்தக் காட்சியில் நிஜ மழை எப்போது தொடங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பிரிண்டில் பெய்துகொண்டிருந்தது. அன்றும் அழுதேன். அடுத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் ஒருமுறை, பிறகு பாரிமுனை நடைபாதையில் வாங்கிய டிவிடியில் ஒருமுறை. மூன்று தடவையும் அதே மழைதான்.

அந்த மழை எப்படி வருகிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். குளத்துத் தண்ணீர் மேல் பூச்சிகள் ஓடும். காற்றில் தாமரை இலைகள் நிமிர்ந்து புரளும். தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவர் கரையில் உட்கார்ந்திருப்பார், வழுக்கைத் தலை. அந்தத் தலையில் ஒரு சொட்டு விழும். அவர் குடையை விரிப்பார். மூன்று தடவை பார்த்தும் நான் கண்டது குடையை மட்டும்தான். சொட்டு எனக்குத் தெரியவே இல்லை. எத்தனையோ கோடுகளுக்கு நடுவில் ஒரு சொட்டு எப்படித் தெரியும்? அதை முதன்முதலாகப் பார்த்தது 2016இல், மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு ஹாலில், இந்த ப்ளூ-ரேயில். ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

பழைய உணர்வு போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களிடம் நான் இந்தச் சொட்டைப் பற்றித்தான் பேசுவேன். 1955இல் ராய் காட்டியது அந்த ஒரு சொட்டை. பிரிண்டின் மழை அவர் எடுத்தது அல்ல.

இந்த நெகட்டிவ் பட்ட பாடு தெரிந்தால் டிஸ்க்கைக் கையில் எடுக்கும்போதே வேறு மாதிரி இருக்கும். 1992இல் சத்யஜித் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். விழாவில் காட்டுவதற்கு அவர் படங்களின் நல்ல பிரதிகளைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்த ஏப்ரலிலேயே ராய் இறந்துபோனார். மறு வருஷம் அவருடைய சில படங்களின் மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் என்ற லேபுக்குப் போயின. 1993 ஜூலையில் அங்கே தீப்பிடித்தது. 'பதேர் பாஞ்சாலி', அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' மூன்றும் அதில் மாட்டின. மிஞ்சிய துண்டு துணுக்குகளை, கருகியது கருகாதது எல்லாவற்றையும், அமெரிக்காவில் ஆஸ்கர் அகாதமியின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அப்போதிருந்த எந்த வசதியாலும் அவற்றை ஓட்ட முடியாது. ஆனாலும் அகாதமி தூக்கி எறியவில்லை. இருபது வருஷம் அப்படியே வைத்திருந்தது. இந்தக் கதையில் நான் கையெடுத்துக் கும்பிடுவது அந்த ஒரு முடிவைத்தான்.

ஏனென்றால் தூக்கி எறிவது எவ்வளவு சுலபம் என்று பார்த்தவன் நான். ஒருமுறை ஒரு கோடவுனிலிருந்து எங்களிடம் ஒரு பழைய தமிழ்ப் படத்தின் டப்பாக்கள் வந்தன. படத்தின் பெயர் வேண்டாம். மூடியைத் திருகியதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு நெடி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் வினிகர் விட ஆரம்பிக்கும், சென்னையின் காற்றில் இரண்டுக்கும் குறைவே இல்லை. உள்ளே பிலிம் சுருளாகவே இல்லை, ஒரே கட்டி. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினேன், வறுத்த அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. கையில் வந்த துண்டில் நாலு ஃப்ரேம். ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், கழுத்துக்கு மேல் எமல்ஷன், படம் பதிகிற பூச்சு, உரிந்துவிட்டது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. டப்பாக்களை வாங்கிக்கொண்டு போக யாரும் வரவும் இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்', 1931இல் வந்தது, ஒரு பிரதிகூட இன்று கிடையாது. அந்த வரலாற்றில் இப்படித்தான் ஒவ்வொரு டப்பாவாகச் சேர்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2013இல், நல்ல படங்களை டிஸ்க்காக வெளியிடுகிற அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாதமியும் சேர்ந்து அந்தக் கருகிய நெகட்டிவ்களை இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் இருக்கிற 'லிம்மாஜினே ரித்ரொவாதா' என்ற மீட்பு லேபுக்கு அனுப்பின. சூட்டில் பிலிம் சுருங்கி, வறண்டு, தொட்டால் முறிகிற நிலையில் இருந்தது. முதலில் அதற்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்தினார்கள். பழைய ஒட்டுகளிலிருந்து உருகி வழிந்த டேப்பையும் பசையையும் கையால் எடுத்தார்கள். ஓரத்து ஓட்டைகள் பிய்ந்துபோன இடங்களில் அவற்றைப் புதிதாக வைத்துக் கட்டினார்கள். கைவேலை மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம். நெகட்டிவ் ஒட்டியே கண் போனவர்களோடு வேலை பார்த்தவன் சொல்கிறேன், ஓர் ஓட்டையைச் சரியாக வைப்பதே ஒரு வேலை. இடம் துளி விலகினாலும் அந்த ஃப்ரேம் குதிக்கும்.

இவ்வளவு செய்தும் 'பதேர் பாஞ்சாலி'யில் மூல நெகட்டிவ்விலிருந்து கிடைத்தது 40 சதவீதம். 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேல். 'அபுர் சன்சார்' நெகட்டிவ்வில் உபயோகப்படுகிற மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. மீதியை உலகத்தின் பல காப்பகங்களில் இருந்த டூப் நெகட்டிவ்களிலிருந்தும் ஃபைன்கிரெய்ன் பாசிட்டிவ்களிலிருந்தும், அதாவது மூலத்திலிருந்து எடுத்த நகல்களிலிருந்து, நிரப்பினார்கள். 4கேயில் ஸ்கேன் செய்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் தூசியும் கோடும் எடுத்தார்கள். 2015 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். 1955 மே 3ஆம் தேதி இந்தப் படம் உலகத்தில் முதன்முதலாக ஓடியதும் அங்கேதான், கல்கத்தாவில் வெளியானதே அந்த ஆகஸ்டில்தான். 2015 நவம்பரில் மூன்று படங்களும் ப்ளூ-ரேயாக வந்தன.

ஆகவே நீங்கள் பார்க்கப்போவது ஒரே சீரான படம் அல்ல. கூர்ந்து பார்த்தால் ஒரு ஷாட் இழை இழையாகத் தெரியும், அடுத்தது கொஞ்சம் மெத்தென்று இருக்கும். மூல நெகட்டிவ்விலிருந்து ஃபைன்கிரெய்ன், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து பிரிண்ட் என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறையும், கறுப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொள்ளும், நடுவில் இருக்கிற சாம்பல் நிறங்கள் முதலில் சாகும். நாம் பழகிய பிரிண்ட்கள் எல்லாம் அந்தப் படிகளில் ரொம்பக் கீழே இருந்தவை. மீட்டவர்கள் அந்த வித்தியாசத்தை மெழுகித் தேய்த்து மறைக்கப் பார்க்கவில்லை. பிலிமின் மணிமணியான கிரெய்னையும் துடைத்து எடுக்கவில்லை. நம் ஊரில் சில பழைய படங்களை 'டிஜிட்டலில் புதுப்பித்தோம்' என்று விடும்போது முகமெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறதே, உங்கள் பயம் அங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது நியாயமான பயம். கிரெய்ன்தான் பிலிமின் தோல், அதை உரித்தால் முகத்தையும் சேர்த்து உரிக்கிறீர்கள். இந்த டிஸ்க்கில் அந்தத் தப்பு நடக்கவில்லை.

சாம்பல் நிறங்கள் திரும்பி வந்ததால் என்ன ஆயிற்று என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நாணல் காட்டில் பிள்ளைகள் ரயில் பார்க்கிற காட்சி எல்லோருக்கும் தெரியும். படப்பிடிப்பின் முதல் நாளே, 1952 அக்டோபர் 27, அந்த நாணல் காட்டில்தான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன, மறுபடி பூக்கிறவரை காத்திருந்து மீதியை எடுத்தார்கள். பழைய பிரிண்டில் அந்தப் பூக்கள் ஒரே வெள்ளைத் திட்டு, மேகமா புகையா என்று தெரியாது. இப்போது ஒவ்வொரு பூவும் தனித்தனியாக அசைகிறது. அந்த வெண்மைக்குள் ரயிலின் கரும்புகை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிகிறது. ஒளிப்பதிவு செய்த சுப்ரதோ மித்ராவுக்கு அப்போது இருபதைத் தாண்டியிருந்த வயசு, அதற்கு முன் சினிமா கேமராவை ஓட்டியதே இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது ரயில் இல்லை. துர்காவின் அம்மா சர்பஜயா.

சின்ன வயசில் அவளை எனக்குப் பிடிக்காது. வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வருகிற சொந்தக்காரக் கிழவி இந்திர் உடம்பு முடியாமல் வந்து நின்று, தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்பாள், தண்ணீர் கேட்பாள். எடுத்துக் கொடுக்க சர்பஜயா எழுந்து வர மாட்டாள். கிழவி தானே எடுத்துக் குடித்துவிட்டு, மிச்சத் தண்ணீரை ஒரு செடிக்கு ஊற்றிவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு அவளைக் குழந்தைகள் பார்ப்பது மூங்கில் தோப்பில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி செத்துப்போனவளாக. இந்திராக நடித்த சுனிபாலா தேவிக்கு எண்பது வயசு இருக்கும், படம் வெளியாவதற்கு முன்பே அவரும் போய்விட்டார். கல்லூரியில் பார்த்தபோது அந்தத் தண்ணீர்க் காட்சியில் எனக்கு சர்பஜயாவை அடிக்கலாம் போல இருந்தது.

2016இல் என் அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம், அப்போது எண்பதைத் தாண்டிய வயசு. வங்காளம் தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீஷும் படிக்கத் தெரியாது. நடுநடுவே நான் சொல்ல ஆரம்பித்தால் "சும்மா இருடா, தெரியறது" என்றார். தண்ணீர்க் காட்சி வந்தது. நான் பழைய ஞாபகத்தில், "ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்தா என்ன குறைஞ்சுடும் இவளுக்கு" என்றேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவளைத் திட்டாதே. எழுந்து போய்க் குடுத்தா அப்பறம் போன்னு சொல்ல முடியாது. அரிசிப் பானை காலியா இருக்கிற வீடு அது. அவ மூஞ்சியைப் பாரு."

பின்னால் தள்ளி மறுபடி போட்டுப் பார்த்தேன். பழைய பிரிண்டில் அந்த முகத்தில் கண் இருக்கிற இடம் இரண்டு கறுப்புப் பள்ளம். பள்ளத்தைப் பார்த்துத்தான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று முப்பது வருஷம் நினைத்திருக்கிறேன். இப்போது கண் தெரிகிறது. சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜி அந்த இடத்தில் கோபமாக நடிக்கவே இல்லை. வெட்கப்படுகிறாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒரு வெட்கம். அம்மாவுக்கு அது உடனே தெரிந்தது. எனக்குத் தெரிய, கருகிய ஒரு நெகட்டிவ்வைப் பொலோன்யாவில் யாரோ ஈரம் ஏற்றிப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். துர்காவின் அப்பா ஹரிஹர் வெளியூரிலிருந்து திரும்பி வந்து, துர்கா இறந்தது தெரியாமல், வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். துர்காவுக்கு என்று ஒரு புடவையை எடுப்பார். சர்பஜயா அதை வாங்கி வாயில் கடித்துக்கொண்டு உடைந்து அழுவாள். அவளுடைய குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் ராய் தார் ஷெனாயை வைத்தார், வில்லால் வாசிக்கிற எஸ்ராஜில் ஒரு குழாய் பொருத்திய வாத்தியம். வாசித்தவர் தக்ஷிணாமோகன் தாகூர். ராகம் பட்தீப், நம் கௌரிமனோகரிக்குச் சொந்தக்காரன். பழைய பிரிண்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சவுண்ட் டிராக் கிறீச்சிட்டுக் காதைப் பிடுங்கும், ஏதோ ரிப்பேர் என்றே நினைத்திருந்தேன். டிஸ்க்கில் வில் தந்தியில் உராய்வதுகூடக் கேட்கிறது. அது வாத்தியமும் இல்லை, அழுகையும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. இந்தப் படத்துக்கான இசையை ரவிசங்கர் படத்தில் பாதியைத்தான் பார்த்துவிட்டு ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்தார் என்பதை நினைத்தால் இன்னும் நம்ப முடியவில்லை.

பார்க்கிற விதம் பற்றிச் சில விஷயங்கள், இவை தெரியாமல் பணம் வீணாகிவிடக் கூடாது. கிரைட்டீரியன் ப்ளூ-ரே 'ரீஜன் ஏ' பூட்டு போட்டது, அந்த ரீஜன் நாடுகளின் பிளேயரில்தான் ஓடும். இந்தியாவில் விற்கிற பிளேயர்கள் 'ரீஜன் சி'. வாங்கி வந்து போட்டால் ஓடாது, எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லை கிடையாது, ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். டிவியில் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன், விவிட் மோடு மூன்றையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் மீட்டவர்கள் காப்பாற்றிக் கொடுத்த கிரெய்னை உங்கள் டிவியே துடைத்துவிடும். படம் கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்புகிறேன் என்று இழுத்துவிடாதீர்கள், சர்பஜயாவின் முகம் அகன்று போகும். விளக்கை அணைத்துவிட்டு ராத்திரி பாருங்கள். முடிந்தால் ஃபேனையும். வியர்த்தாலும் பரவாயில்லை, இந்தப் படத்தில் பூச்சிச் சத்தமும் தந்திக் கம்பத்தின் ரீங்காரமும் கேட்க வேண்டும். மூன்று படங்களையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாவது விடுங்கள்.

எங்கோ வெளிநாட்டில் நடக்கிற வேலை இது என்று எண்ணிவிடவும் வேண்டாம். அரவிந்தனின் மலையாளப் படம் 'தம்பு' 2022இல் கான் விழாவில் காட்டப்பட்டதே, அந்த மீட்பு வேலையில் ஒரு பங்கு நம் சென்னையில் பிரசாத் ஸ்டூடியோவில் நடந்தது. கையும் இங்கே இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள்தான் வேண்டும். உங்கள் குடும்பத்திலோ தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ ஒரு நெகட்டிவ் இருந்தால், வினிகர் நெடி வந்தாலும், தயவுசெய்து எறியாதீர்கள்.

கடைசியாக ஒரு காட்சி. துர்கா இறந்த பிறகு அவளுடைய தம்பி அப்பு எண்ணெய் வாங்கக் கிளம்புவான், வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குடையை எடுத்துக்கொள்வான். பிறகு ஊரை விட்டுப் போக மூட்டை கட்டும்போது, ஒரு கொட்டாங்கச்சிக்குள் அக்கா திருடி ஒளித்துவைத்த மணிமாலை அவன் கையில் கிடைக்கும். யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்க் குளத்தில் எறிவான். மாலை விழுந்த இடத்தில் பாசி விலகும். பழைய பிரிண்டில் அதோடு சரி, எறிந்தான் என்று புரியும், அவ்வளவுதான். இப்போது தண்ணீர் கறுப்பாகத் திறந்துகொள்வது தெரிகிறது. ஓரத்துப் பாசி ஒவ்வொரு இலையாக மெல்ல நகர்ந்து வருகிறது. அப்பு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் ஹாலில் அம்மாவும் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடிண்டுடுத்து," என்றார்.